கணிதம் கற்கக் கடல் கடந்த நாள்

1914ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 14ஆம் நாள். சென்னையிலிருந்து மார்ச் 17ஆம் நாள் புறப்பட்ட 'நெவாசா' என்னும் கப்பல் லண்டன் துறையை அடைந்தது. அதிலிருந்து இறங்கியவர்களுள் ஒருவர் இருபத்தாறு வயதுத் தமிழ் இளைஞர். பருத்த உடல், ஒளி பொருந்திய கண்கள், காலில் ஒரு திங்கள் பழகியும் பழகாத பூட்ஸ், தலையில் குடுமி இருந்த இடத்தில் ஆங்கிலக் கிராப்பு. அவரை எதிர்கொண்டு அழைத்துச் செல்ல நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் தம் உடன்பிறந்தாருடன் மோட்டார் வண்டியில் வந்து காத்திருந்தார். இறங்கிய இளைஞர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன்.

அன்னாரின் வரலாற்றைப் பலரும் எழுதிவிட்டனர். அவர் கண்ட தேற்றங்களை விளக்கும் தகுதி எனக்கில்லை. தமிழ்ப் பிள்ளை ஒருவர் கணிதம் கற்கவென்று ஐரோப்பிய நகரொன்றில் கால் வைத்த அந்த முதல் நாளையும், அந்த ஒரு நாளுக்காக ஒரு குடும்பம் கொடுத்த விலையையும் பற்றியே ஈண்டு எழுத விழைகிறேன். ஏனெனில், மகன் ஜெர்மனிக்குப் போகிறான், மகள் இங்கிலாந்துக்கு மேற்படிப்புக்குச் செல்கிறாள் என்பன இன்று நம் மஹல்லாக்களில் புதிய செய்திகள் அல்ல. பயணத்திற்கு முன் துஆச் செய்யச் சொல்லி வரும் தாய்மார்கள் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி பல்கலைக்கழகத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "அங்கே ஹலால் கிடைக்குமா ஹஜ்ரத்?" என்பதே அக்கேள்வி. கோமளத்தம்மாளும் ஏறத்தாழ அதனையேதான் கேட்டிருப்பார்.

ராமானுஜன் கதையில் நம் திருச்சிக்கும் ஒரு பங்குண்டு. அதனைப் பலர் அறியார். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் 1912 மார்ச் முதல் நாளன்று எழுத்தராகச் சேர்ந்த அவருக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் எஸ். நாராயண ஐயர். இவர் அவ்வலுவலகத்திற்கு வருமுன் திருச்சித் தூய வளனார் கல்லூரியில் கணித விரிவுரையாளராக இருந்தவர். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு மாறி வந்த அக்கல்லூரி, மலைக்கோட்டையின் நிழலில், தெப்பக்குளத்திற்கு எதிரே இன்றும் நிற்கிறது. அங்குப் பாடம் சொன்ன நாராயண ஐயர் கணக்கு ஏடுகளை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போனாலும் கணக்கு அவரை விடவில்லை. மாலையானால் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையிலுள்ள அவர் வீட்டில், ஆளுக்கொரு பலகையுடன் இருவரும் அமர்ந்துவிடுவர். இரவு நெடுநேரம் பலகையில் எழுதும் ஓசை வீட்டாருக்குக் கேட்டுக்கொண்டேயிருக்குமாம். ராமானுஜன் துணி எடுத்துத் துடைக்க நேரமின்றி முழங்கையாலேயே பலகையை அழிப்பார். இரண்டு வரிக்கிடையே பத்து வரிகளை விழுங்கிவிடுகிறாய், எனக்கே விளங்கவில்லையென்றால் பிறருக்கு எவ்வாறு விளங்கும் என்று ஐயர் கடிந்துகொள்வார். மாணவனின் அளவுக்குத் தாம் இறங்கும் உஸ்தாதுகளை நாம் கண்டதுண்டு. தம் அளவுக்கு இறங்கி வருமாறு எழுத்தரைக் கேட்டுக்கொண்ட மேலதிகாரியை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

ராமானுஜனின் மணவாழ்வும் நம் காவிரிக் கரையோடு இணைந்தது. குளித்தலைப் பக்கத்து ராஜேந்திரம் என்னும் சிற்றூரில் 1909 ஜூலை 14ஆம் நாள் ஜானகி என்னும் பத்து வயதுப் பெண்ணை அவருக்கு மணமுடித்தனர். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1913 ஜனவரி 16ஆம் நாளிட்டு ராமானுஜன் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியின் ஹார்டிக்கு எழுதிய கடிதமும், ஹார்டி பிப்ரவரி 8ஆம் நாள் எழுதிய மறுமொழியும் யாவரும் அறிந்தவை. அம்மறுமொழியின் வலிமையால் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. ஆனால் இங்கிலாந்துக்கு வா என்ற அழைப்பை ராமானுஜன் முதலில் ஏற்கவில்லை. வைணவ அந்தணர் குடும்பம். கடல் கடந்தவன் குலத்திற்குப் புறம்பாவான் என்ற கட்டுப்பாடு. தாயின் சம்மதமின்றி ஓர் அடியும் எடுத்துவைக்க அவர் ஒப்பவில்லை. 1913ஆம் ஆண்டின் இறுதியில் நாராயண ஐயருடன் அக்குடும்பம் நாமக்கல் சென்று, தங்கள் குலதெய்வத்தின் கோயிலில் சில இரவுகள் தங்கியதாகவும், பயணத்திற்கு அனுமதி கிடைத்ததாக நம்பித் திரும்பியதாகவும் கூறுவர். தாயார் தம் மகன் வெள்ளையர்கள் நடுவே வீற்றிருக்கக் கனவு கண்டார் என்பது மற்றொரு செய்தி. அவர்களுடைய நம்பிக்கை அவர்களுக்கு. தாயின் 'சரி' என்ற ஒரு சொல்லுக்காக உலகின் தலைசிறந்த கல்விக்கூடமொன்று ஓராண்டு காத்திருந்தது என்பதைத்தான் நான் எண்ணிப் பார்க்கிறேன்.

நமக்குக் கடல் தடையாக இருந்ததில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் கப்பல் வைத்திருந்தவர்கள் நம் மரைக்காயர்கள். ஹஜ்ஜுக்கென்றும் வணிகத்துக்கென்றும் நம் முன்னோர் அலையில் மிதந்தவர்களே. ஆயினும் நம்மிடம் வேறொரு சுவர் இருந்தது. ஆங்கிலம் படித்தால் ஈமான் கெட்டுப்போகும் என்ற அச்சமே அது. வடநாட்டில் சர் செய்யித் அஹ்மத் கான் 1869இல் தம் மகன் செய்யித் மஹ்மூதைக் கேம்பிரிட்ஜில் படிக்க வைப்பதற்காகத் தாமே உடன் கப்பலேறினார். திரும்பி வந்து அலிகரில் கல்லூரி கண்டபோது அவர் வாங்கிக்கட்டிக்கொண்ட வசைகளுக்கு அளவில்லை. அந்த அலிகரிலிருந்து டாக்டர் ஜியாவுத்தீன் அஹ்மத் ராமானுஜனுக்குப் பத்தாண்டுகள் முன்னரே டிரினிடி கல்லூரியில் கணிதம் பயின்று, ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரிலும் பட்டம் பெற்றுத் திரும்பினார். அல்லாமா இக்பால் தத்துவம் பயில 1905இல் சென்று சேர்ந்ததும் இதே டிரினிடிதான். ஆக, ஒரு சமுதாயத்தைக் கடல் தடுத்தது; மற்றொன்றை மொழி தடுத்தது. இரண்டு சுவர்களும் மனிதர் எழுப்பியவையே.

கல்வி தேடிச் செல்லும் பயணம் நம் மார்க்கத்தில் மிகப் பழைய மரபு. சீன தேசத்தைச் சுட்டி மேடைகளில் நாம் அடிக்கடி எடுத்தாளும் வாசகத்தின் சனதைப் பலவீனமானதென்று முஹத்திஸ்கள் ஒதுக்கிவிட்டனர். அதன் துணை நமக்குத் தேவையுமில்லை. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) ஒரே ஒரு ஹதீஸைக் கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் தேசம் போனார்கள். இமாம் புகாரி (ரஹ்) இளமையில் தம் தாயாருடன் மக்கா சென்று, தாயார் ஊர் திரும்பிய பின்னரும் கல்விக்காக அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்தத் தாயார் திரும்பிய பாதையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் ஏதும் எழுதவில்லை.

கணிதத்தைப் பொறுத்தவரை, கப்பல் ஒரு காலத்தில் எதிர்த்திசையில் சென்றது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இத்தாலிய நாட்டுக் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு என்பவர், தலமியின் 'அல்மஜஸ்தி' என்னும் வானநூல் லத்தீனில் இல்லையே என்ற ஏக்கத்தால் ஸ்பெயின் நாட்டுத் துலைதுலா நகருக்குச் சென்றார். அந்நகரையே இன்று டொலிடோ என்பர். அங்கு அரபு கற்று, 1187இல் இறக்கும் வரை எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை மொழிபெயர்த்தார். இன்னொருவர் பைசா நகரத்து லியோனார்டோ. வடஆப்பிரிக்காவின் பிஜாயா துறைமுகச் சுங்கச்சாவடியில் அவர் தந்தைக்கு வேலை. மகனையும் அங்கு வரவழைத்துக் கணக்குக் கற்க வைத்தார். முஸ்லிம்களிடம் இந்திய எண்களைக் கற்ற அச்சிறுவன் 1202இல் எழுதிய நூலே ஐரோப்பிய வணிகர்களின் கணக்கேட்டை மாற்றியது. அங்கே துறைமுகச் சுங்கச்சாவடி. இங்கே சென்னைத் துறைமுக அலுவலகம்! கணிதத்திற்கும் துறைமுகத்திற்கும் ஏதோ உறவிருக்கிறது போலும்.

'ஹிந்தஸா' என்ற சொல் 'ஹிந்த்' என்பதிலிருந்து பிறந்தது என்று நம்மவர் சிலர் பெருமையுடன் கூறுவர். அது சரியன்று, 'அந்தாஸா' என்ற பாரசீகச் சொல்லின் அரபு வடிவமே அது. ஆனால் அரபிகள் எண்களை 'அர்காம் ஹிந்திய்யா' என்று அழைத்தது உண்மை. 'ஸிஃப்ர்' என்ற அரபுச் சொல் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு ஆங்கிலத்தின் வழியாக நம் வீடுகளுக்குச் 'சைபர்' என்று திரும்பி வந்ததும் உண்மை. அல்குவாரிஸ்மீயின் 'அல்ஜப்ர்' நூலில் பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளே என்பதை ஃபராயிள் ஓதிய எவரும் வியப்பின்றி ஏற்பர். மனைவி, இரண்டு புதல்வியர், தாய், தந்தை என்று வாரிசுகள் அமைந்தால் 24 பங்கு 27 ஆக ஏறுவதை அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றவாறே சொன்ன வரலாறு மத்ரஸா மாணவனுக்கு மனப்பாடம். மூன்று, பதினாறு, நான்கு, நான்கு என்று கூட்டிப் பாருங்கள். கணக்கு நமக்கு அந்நியமான கலையாக ஒருநாளும் இருந்ததில்லை.

மீண்டும் ராமானுஜனிடம் வருவோம். புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன் தாயையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார். குடுமி களைந்த கோலத்தை அவர்கள் காணவேண்டாம் என்பதே காரணம் என்பர். பிறகே தலைமயிர் வெட்டப்பட்டது. கோட்டும் காற்சட்டையும் தைக்கப்பட்டன. முள்கரண்டி பிடிக்கும் பயிற்சியும் நடந்தது. பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்கியது. அதில் 50 பவுன் ஊரிலுள்ள குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்டது. கப்பலில் முதற் சில நாட்கள் கடல்நோய், பின்னர் தெளிந்தார்.

லண்டனில் இறங்கியதும் அவரைக் கிராம்வெல் சாலை 21ஆம் எண் வீட்டிற்கு அழைத்துச் சென்றனர். இந்திய மாணவர்கள் வந்திறங்கியதும் தங்குவதற்கென அமைந்த இல்லம் அது. ஏப்ரல் 18ஆம் நாள் கேம்பிரிட்ஜ் வந்து, செஸ்டர்ட்டன் சாலையில் நெவில் தம்பதியரின் வீட்டில் ஏறத்தாழ ஆறு வாரம் விருந்தினராக இருந்தார். ஜூன் மாதத்தில் டிரினிடி கல்லூரியின் ஹ்யூவெல் முற்றத்து அறைக்கு மாறினார். பூட்ஸ் அவர் கால்களை வதைத்தது. முடிந்தபோதெல்லாம் செருப்பையே அணிந்தார்.

வகுப்பில் அவர் அமர்ந்த தொடக்க நாட்களில் நிகழ்ந்த ஒன்றை ஆர்தர் பெர்ரி என்னும் ஆசிரியர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நீள்வட்டத் தொகையீடுகள் பற்றிக் கரும்பலகையில் அவர் எழுதிக்கொண்டிருக்கையில் ராமானுஜனின் முகம் மகிழ்ச்சியால் ஒளிர்வதைக் கண்டு, ஏதேனும் சொல்ல விரும்புகிறீரா என்று வினவினார். எழுந்து சென்ற ராமானுஜன், பெர்ரி இன்னும் நிறுவியிராத முடிவுகளைப் பலகையில் எழுதிவிட்டு வந்து அமர்ந்தார். முழங்கையால் பலகை துடைத்துப் பழகியவர்க்குக் கரும்பலகை ஒரு பொருட்டா? இவரை எப்படிக் கற்பிப்பது என்பதே ஹார்டிக்குப் பெருங்கவலையாயிற்று. முறைப்படி எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்க முற்பட்டால் அவரிடமிருந்த ஊற்று அடைபட்டுவிடும். கற்றுக்கொடுக்காமல் விட்டால் ஐரோப்பியர் என்றோ அறிந்ததை அவர் அறியாமலே போவார். இந்த இடத்தில் ஹார்டி நடந்துகொண்ட முறையை, பிரம்பை மட்டும் நம்பும் ஆசிரியர்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

கரும்பலகை பொருட்டில்லை; குளிர் பொருட்டாயிற்று. கிங்ஸ் கல்லூரியில் பயின்ற மஹலனோபிஸ் என்னும் வங்க மாணவர் ஒருநாள் அவர் அறைக்குச் சென்றபோது, இரவில் ஓவர்கோட்டும் சால்வையும் போர்த்தும் குளிர் தாங்கவில்லை என்றார் ராமானுஜன். படுக்கையில் கம்பளிகள் விரித்து ஓரங்கள் செருகப்பட்டு அப்படியே இருந்தன! அவற்றினுள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. எந்தப் பேராசிரியரும் கற்பிக்காத இப்பாடத்தை ஒரு சகமாணவர் கற்பித்தார். ஊர் விட்டுப் போகும் பிள்ளைக்குச் சான்றிதழ்களைச் சேர்த்துத் தரும் நாம், இத்தகைய சிறு செய்திகளைச் சொல்லியனுப்புகிறோமா?

மற்றொரு நாள் ராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். மஹலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண்கள். ஒரு வீட்டிற்கு இப்பக்கமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அப்பக்கமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அந்த வீடு எது? கரண்டியைக் கீழே வைக்காமலே ராமானுஜன் ஒரு தொடர்பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். கேட்கப்பட்ட ஒரு தெருவுக்கு மட்டுமன்றி, அத்தகைய தெருக்கள் அனைத்திற்கும் விடை அதில் அடங்கியிருந்தது. எட்டு வீடுள்ள தெருவில் ஆறாம் வீடு. இருபுறமும் 15 வரும். புதிருக்குரிய விடை 288 வீடுகளில் 204ஆம் வீடு. இருபுறமும் 20,706 வருகிறதா என்று வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த அடுப்பில்தான் அவருடைய துன்பமும் இருந்தது. கல்லூரிச் சமையற்கூடத்தை நம்பாமல் தாமே சமைத்து உண்டார். ஊரிலிருந்து புளியும் பிறவும் பொட்டலமாக வரும். 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. டிரினிடியின் நெவில் முற்றத்தில் காயமுற்ற வீரர்களுக்குக் கட்டில்கள் போடப்பட்டன. காய்கறி அருகியது, கப்பல்கள் குறைந்தன. ஒருமுறை சமைத்துவிட்டு நாள் முழுதும் கணக்கிலேயே ஆழ்ந்திருப்பார். தாய்க்குக் கொடுத்த வாக்கை அவர் கடைசிவரை மீறவில்லை. நம்பிக்கையைக் கைவிடாமலே கேம்பிரிட்ஜின் உச்சியை எட்டினார் என்பதற்காக அவரைப் போற்றுகிறேன். ஆனால் தனியே சமைத்துத் தனியே உண்ட அந்த ஆண்டுகள் அவர் உடலை அரித்தன என்பதையும் மறைக்கலாகாது. இன்று கேம்பிரிட்ஜ் மில் சாலையில் 2019இல் திறக்கப்பட்ட அழகிய பள்ளிவாசல் இருக்கிறது. ஹலால் உணவுக்கும் பஞ்சமில்லை. தனிமை வேறு, அதற்குக் கடை கிடையாது.

1916இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் சிறப்பும் டிரினிடி கல்லூரியின் ஃபெலோ பதவியும். இடையே 1917இல் தொடங்கிய நோய். காசம் என்றே அன்றைய மருத்துவர்கள் பலரும் கருதினர். அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாமென்றும், குணப்படுத்தக்கூடியதாக இருந்திருக்குமென்றும் 1994இல் டாக்டர் யங் என்பவர் ஆராய்ந்து எழுதினார்.

இந்த ஐந்தாண்டும் ஊரில் இருந்த ஜானகியின் நிலை என்ன? கணவர் கப்பலேறியபோது அவருக்கு ஏறத்தாழப் பதினைந்து வயதுதான். அவர் எழுதிய கடிதங்கள் மாமியாரைத் தாண்டிப் போகவில்லை. கணவர் எழுதியவையும் அவர் கைக்கு வரவில்லை. கோமளத்தம்மாளின் தாய்மையைப் புகழ்வோர் இதனையும் சேர்த்தே சொல்லவேண்டும். 1919 மார்ச் 27ஆம் நாள் பம்பாயில் கரையிறங்கிய ராமானுஜன், எதிர்கொண்ட தாயிடம் முதலில் கேட்டது ஜானகி எங்கே என்றுதான் என்பர்.

பின்னர் காவிரிக் கரையில் கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் சிகிச்சை. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் 32 வயதில் காலமானார். ராமேசுவரம் சென்று கடல் கடந்ததற்குரிய பிராயச்சித்தம் செய்ய அவர் உடல்நிலை இடந்தரவில்லை. அதனால் உறவினர் பலர் ஈமச்சடங்கிற்கு வரவில்லை. அந்தக் கடல் அவரை மரணத்திற்குப் பின்னரும் விடவில்லை.

அவருக்குப் பின் பாதை சற்று அகன்றது. தி. விஜயராகவன் 1925இல் ஆக்ஸ்போர்டு சென்று அதே ஹார்டியிடம் பயின்றார். திரும்பிவந்து அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் சில காலம் கற்பித்தார். பாரிஸில் கணிதம் பயின்ற சார்லஸ் ராசின் என்னும் பாதிரியார் 1937இல் நம் திருச்சித் தூய வளனார் கல்லூரிக்கு வந்து, இரண்டாண்டுகளுக்குப் பின் சென்னை லயோலாவுக்குச் சென்றார். அங்கு அவரிடம் பயின்ற நரசிம்மனும் சேஷாத்ரியும் 1957இல் பாரிஸ் போயினர். நரசிம்மன் அங்கு நுரையீரல் உறைநோயால் மருத்துவமனையில் கிடந்தார்; எளிய பிரெஞ்சு மக்களைத் தாம் அறிந்தது அங்கேதான் என்று பின்னர் சொன்னார். 1965இல் இருவர் பெயராலும் ஒரு தேற்றம் வெளியாயிற்று. தூய வளனாரில் 1954இல் பட்டம் பெற்ற ராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாம், அங்குக் கணிதம் போதித்த தோத்தாத்ரி ஐயங்காரை முதுமையிலும் பக்தியோடு நினைவுகூர்ந்தார். ஸ்ரீரங்கத்துக் கோபுரமும் நத்ஹர் வலி தர்காவின் குவிமாடமும் ஒரே ஆற்றின் இரு பக்கங்களில் இருக்கும் ஊரில் இது ஒரு வியப்புமன்று.

ஜானகியம்மாள் திருவல்லிக்கேணியில், வாலாஜா பள்ளிவாசலுக்குச் சிறு தொலைவில், தையல் தைத்தும் தையல் கற்பித்தும் வாழ்ந்தார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னவர்கள் வைக்கவேயில்லை என்று முதுமையில் அவர் ஒரு பேட்டியில் குறைப்பட்டுக்கொண்டார். அதனைப் படித்த அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு ஆஸ்கி, உலகெங்குமுள்ள கணித அறிஞர்களிடம் பணம் திரட்டி, பால் கிரான்லண்டு என்னும் சிற்பியைக் கொண்டு வெண்கல மார்பளவுச் சிலைகள் வார்ப்பித்தார். அவற்றுள் ஒன்று அம்மையாரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 1994 ஏப்ரல் 13ஆம் நாள் காலமாகும் வரை அச்சிலை அவருடனேயே இருந்தது.